சொன்மையும் பொருண்மையும்: நிரல் நூல்களில் ஒரு குறை

கணினிக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் தொடக்க நூல்கள் இன்று பல்கிப் பெருகியுள்ளன. அச்சு நூலாகவும் வகுப்பறைப் பயிற்சித் தாளாகவும் அவை இடைநிலைப் பள்ளி மாணாக்கர் கைகளை எட்டுகின்றன. நடை எளிது; படங்கள் அழகு; எடுத்துக்காட்டுகளுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் ஓரிடத்தில் அவற்றுட் பல ஒன்றுபோலவே வழுக்குகின்றன. மாணாக்கன் ஒரு மடக்கினுள் நின்றுகொண்டு, ஒரு பொருளின் பண்பைக் கேட்கும் இடம் அது. அந்த வழுக்கலுக்குக் காரணம் கணிதமும் அன்று, பொறியியலும் அன்று. மொழியைப் பற்றிய ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டதே காரணம். அவ்வேறுபாட்டுக்குத் தமிழ் இலக்கணத்தில் பெயரே உண்டு என்பதால், இஃது தமிழாசிரியர் கண் செலுத்தத் தக்க செய்தியாகிறது.

முதற்கண் செய்தியை விளக்கிக் கொள்ளல் வேண்டும். ஒரு பள்ளி நூலகத்துப் பட்டியலில் 3 நூல்கள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வொரு நூலும் நிரலில் ஒரு 'பொருள்'. ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என மூன்று 'பண்புகள்'. முதல் நூலின் தலைப்பு 'பிரதாப முதலியார் சரித்திரம்', ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, ஆண்டு 1879. இரண்டாவது ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. மூன்றாவது மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்'. இனி, ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை ஆக்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. இம்மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே எனினும், நிரல் எழுதுவோர் தாம் இடும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே இடலாம். ஆதலின் கீழ்வரும் துண்டுகள் வெறும் விளக்கத்துக்காகப் புனைந்தவை அல்ல. பொறி ஏற்றுக்கொள்ளும் வடிவமே.

நூல்.தலைப்பு

என்று எழுதினால், பொறி 'பிரதாப முதலியார் சரித்திரம்' என விடை தரும். இடையிலுள்ள புள்ளியே இதில் வேலை செய்வது. இதுவரை எந்த மாணாக்கனுக்கும் இடரில்லை.

அடுத்து மடக்கு வருகிறது. ஒரு நூலின் பண்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்ட 'ஃபார் இன்' என்றொரு மடக்கு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பண்பின் பெயரை அது எடுத்து, மாணாக்கன் சொல்லும் ஒரு மாறியில் இட்டு வைக்கும். அம்மாறிக்கு 'பண்பு' என்றே பெயரிட்டான் எனக் கொள்க. முதற் சுற்றில் அதனுள் இருப்பது 'தலைப்பு' என்னும் சொல், இரண்டாம் சுற்றில் 'ஆசிரியர்', மூன்றாவதில் 'ஆண்டு'. பிள்ளை தான் கற்றதை மறவாது, மடக்கினுள்

நூல்.பண்பு

என்று எழுதுகிறான். மூன்று விடைகளை எதிர்பார்த்து நிற்கிறான். பொறியோ 'அன்டிஃபைன்டு' என்று மும்முறை சொல்லி ஓய்கிறது. வரையறுக்கப்படாதது என்பது அதன் கருத்து. பிழை என்று அது முறையிடவில்லை, நின்றுவிடவும் இல்லை. இல்லாததைக் கேட்டான், இல்லை என்றது, அவ்வளவே.

சரியான வடிவம் இது:

நூல்[பண்பு]

சதுர அடைப்பு இட்டதும் தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் முறையே வந்து நிற்கின்றன. பிள்ளை வியக்கிறான்; மனப்பாடம் செய்துகொள்கிறான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமற் போனதற்குப் பொறுப்பு அவன் கையிலுள்ள நூலுக்கே உரியது. என்னை? 'பண்பைப் புள்ளியாலும் அணுகலாம், சதுர அடைப்பாலும் அணுகலாம். இரண்டும் ஒன்றே' என்ற கருத்தை ஒரு வரியில் எழுதி அப்பாற் செல்வதே பல தொடக்க நூல்களின் வழக்கம். சற்றுக் கவனமுள்ள நூலாயின், பண்பின் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் அடைப்பு வேண்டும் என்றொரு குறிப்பைச் சேர்க்கும். அக்குறிப்பு பிழையன்று. ஆனால் அது ஓரத்துச் செய்தி. நடுவிலுள்ள செய்தி விடுபட்டுப் போயிற்று. இரண்டும் ஒன்றல்ல.

வேறுபாடு யாது? புள்ளிக்குப் பின் வரும் சொல்லைப் பொறி அச்சொல்லாகவே கொள்கிறது. 'பண்பு' என்று எழுதியிருந்தால் ப, ண், பு என்னும் எழுத்தாலாகிய பெயரையுடைய ஒரு பண்பு இந்நூலுக்கு உண்டா எனத் தேடுகிறது. தலைப்பு உண்டு, ஆசிரியர் உண்டு, ஆண்டு உண்டு. 'பண்பு' என்றொரு பண்பு இல்லை. அடைப்பினுள் வரும் சொல்லையோ அது அவ்வாறு கொள்வதில்லை. அச்சொல் எதனைச் சுட்டி நிற்கிறதோ அதனைக் கண்டு, பின்னரே தேடுகிறது. ஒன்று சொல்லையே நோக்குகிறது. மற்றொன்று சொல் குறிக்கும் பொருளை நோக்குகிறது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருதல் இயல்பு. எல்லாச் சொல்லும் பொருள் குறித்து வரும் எனப் பெயரியலைத் தொடங்கும் ஆசிரியர், அதனை அடுத்தே, சொல்லினால் பொருண்மை அறியப்படுதலும் உண்டு, சொன்மை அறியப்படுதலும் உண்டு என்று பகுத்து வைக்கிறார். 'மரம் உயர்ந்து வளர்ந்தது' என்னும்போது மரம் என்பது பொருண்மை பற்றி நின்றது. வளர்ந்தது சொல்லன்று, மரமே. 'மரம் என்பது மூன்றெழுத்து' என்னும்போது அது சொன்மை பற்றி நின்றது. மூன்றெழுத்தாக இருப்பது தோட்டத்தில் நிற்கும் மரமன்று, சொல். நூல்.பண்பு என்பதில் 'பண்பு' சொன்மை பற்றி நிற்கிறது. நூல்[பண்பு] என்பதில் பொருண்மை பற்றி நிற்கிறது. இத்துணையே செய்தி. மேற்கோட்குறி இட்டு நூல்['தலைப்பு'] என எழுதினால் அடைப்பினுள்ளும் சொன்மை வந்துவிடும், அது நூல்.தலைப்பு என்பதற்கு முற்றும் ஒப்பாகும். 'இரண்டும் ஒன்றே' என்று நூல்கள் சொல்வது இந்த ஓர் இடத்துக்கே பொருந்தும். மேற்கோட்குறியே அங்குச் சொன்மையின் அடையாளம்.

இதனால் தொல்காப்பியர் கணினியைக் கண்டார் என்று மேடையேறிச் சொல்லப் புறப்படுவாரும் இருக்கக்கூடும். அது வீண்பேச்சு, அவருக்கும் பெருமை தராது, கணினிக்கும் பயன் தராது. அவர் கண்டது மொழியின் இயல்பு. அவ்வியல்பு மனிதர் ஆக்கும் எந்த மொழியிலும் தலைகாட்டும் என்பதே இங்கு வேண்டப்படுவது.

ஏனைய நிரல்மொழிகளை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். பிஎச்பி என்னும் மொழியில் மாறி ஒவ்வொன்றுக்கும் முன்னே டாலர் குறி இடுதல் விதி. அங்கே பண்பைக் கேட்க அம்புக்குறி வழங்குகிறது. அம்புக்குப் பின் டாலர் இல்லையேல் சொன்மை. டாலர் இருந்தால் பொருண்மை. ஒரு குறியின் வரவும் நீக்கமும் வேறுபாட்டைக் கண்முன் காட்டிவிடுகின்றன. பைத்தான் மொழி மற்றொரு வழியைக் கையாள்கிறது. அங்கே நூல் என்னும் பொருளினிடம் நூல்.பண்பு என்று கேட்டால், இவ்வினத்துப் பொருளுக்குப் 'பண்பு' என்னும் பெயருடைய பண்பு இல்லை எனப் பெயர் சுட்டிச் சொல்லி, நிரல் நின்றுவிடும். அவ்விடையே ஒரு பாடம். தான் கேட்டது எதுவெனப் பிள்ளைக்கு அது திருப்பிச் சொல்லிக் காட்டுகிறது. பெயரை மாறியில் வைத்துப் பண்பைக் கேட்க வேண்டுமாயின், அங்கு 'கெட்ஆட்ர்' என்னும் தனிச் செயற்கூறே உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் புள்ளியும் அடைப்புமோ பார்வைக்கு ஒரே வேலையைச் செய்வன போலத் தோன்றி, வழுவினால் வாய் திறப்பதுமில்லை.

வாய் திறவாமையினும் தீங்கானது ஒன்று உண்டு. மடக்கினுள் பண்பைக் கேளாமல், மாற்ற முயல்கிறான் எனக் கொள்க. மூன்று பண்புகளையும் வெறுமையாக்க நினைத்து, நூல்.பண்பு என்பதற்கு ஒரு வெற்றுச் சொல்லை ஒப்புவிக்கிறான். பொறி மறுக்குமா? மறுக்காது. 'பண்பு' என்னும் பெயரில் நான்காவது பண்பொன்றைத் தானே படைத்துக்கொள்ளும். தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் முன்னிருந்தவாறே இருக்கும். மூன்றை மாற்றப் போனவன் ஒன்றைப் பிறப்பித்துவிட்டு, ஏதும் நடவாதது கண்டு திகைக்கிறான். இவ்விடத்தை விளக்காத நூல், பிள்ளையை இருட்டறையில் விட்டுக் கதவைச் சாத்திய நூல் ஆகும்.

இரண்டாம் வழுக்கல் பட்டியலில் நிகழ்கிறது. மூன்று நூல்களும் அடங்கிய பட்டியலுக்கு 'நூல்கள்' என்று பெயர். நூல்கள்.தலைப்பு என்று தொடக்க நிலையினர் எழுதுவதுண்டு. 'நூல்களின் தலைப்பு' என்று தமிழில் சொன்னால் கேட்பவர் ஒவ்வொன்றின் தலைப்பையும் எண்ணிக்கொள்வார். பொறி அவ்வாறு எண்ணாது. பட்டியல் தானே ஒரு தனிப்பொருள். எத்தனை உறுப்புகள் என்னும் எண்ணிக்கை முதலாயின அதற்கே உரிய பண்புகள். தலைப்பு உறுப்பினது, பட்டியலினது அன்று. 'கள்' விகுதி ஒன்றே இங்குக் காவலாள். ஆங்கிலத்தில் ஈற்றில் வரும் ஓரெழுத்தைக் கண் தவறவிடுதல் எளிது. தமிழில் பெயரிட்டால் 'கள்' முன்வந்து நிற்கும். ஐ, ஜே என்று ஓரெழுத்தில் மாறிகளுக்குப் பெயரிட்டுக் கற்பிக்கும் நூல்கள் இந்தக் காவலாளையும் வேலைநீக்கம் செய்துவிடுகின்றன.

பட்டியலின்மேல் மடக்கிடும்போது மற்றொரு பள்ளம். 'ஃபார் இன்' மடக்கைப் பட்டியலின்மேல் ஓட்டினால் அது நூல்களைத் தருவதில்லை. 0, 1, 2 என்னும் இட எண்களைத் தருகிறது. அவையும் எண்களாக வருவதில்லை, எழுத்தாகவே வருகின்றன. மடக்கின் மாறிக்கு 'நூல்' என்று பெயரிட்டு, நூல்.தலைப்பு என்று கேட்ட பிள்ளை, '0' என்னும் எழுத்தினிடம் தலைப்பைக் கேட்டவனாகிறான். விடை மீண்டும் 'அன்டிஃபைன்டு'. வரிசை எண்ணை 1 முதல் காட்டும் பொருட்டு அத்துடன் 1 கூட்டினாலோ, 1 வருவதில்லை, '01' வருகிறது. எழுத்தோடு எண்ணைக் கூட்டினால் ஒட்டித்தான் நிற்கும். 2015-ஆம் ஆண்டின் மொழித் தரத்தில் 'ஃபார் ஆஃப்' என்னும் மடக்கு சேர்க்கப்பட்டது. அது பெயர்களை விடுத்து உறுப்புகளையே எடுத்துத் தருகிறது. 'இன்' பெயரைத் தரும், 'ஆஃப்' பொருளைத் தரும் எனலாம். அஃதாவது, புள்ளிக்கும் அடைப்புக்கும் இடையே கண்ட அதே வேறுபாடு, இங்கே இரு மடக்குகளுக்கு இடையே மறுபிறவி எடுத்துள்ளது. ஒன்றை ஓர் அத்தியாயத்திலும் மற்றொன்றை வேறோர் அத்தியாயத்திலும் தனித்தனி விதிகளாகப் புகட்டும் நூலாசிரியர்கள் இவ்வுறவைக் காட்டுவதில்லை. நினைவில் நிறுத்த வேண்டிய ஒன்றை இரண்டாக்கிப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறார்கள்.

புள்ளியைப் பற்றி இன்னும் ஒரு சொல். நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில் டால், நைகார்ட் என்னும் இருவர் ஆக்கிய சிமுலா 67 மொழியிலேயே, பொருளுக்கும் அதன் பண்புக்கும் இடையே புள்ளி வந்தமர்ந்துவிட்டது. 'புள்ளி இடுக' என்று மட்டும் கற்பிப்பது, உருபின் பொருளைச் சொல்லாமல் உருபை மட்டும் ஒப்புவிக்கச் செய்வது போன்றது. நூல்.தலைப்பு என்பதை 'நூலது தலைப்பு' என வாய்விட்டுப் படித்தால், புள்ளி ஆறாம் வேற்றுமையின் வேலையைச் செய்வது புலனாகும். கிழமைப் பொருள் என்று நன்னூல் படித்தவர் அறிவர். எது யாருக்கு உரியது என்னும் கேள்வி அப்போதே எழும். 'நூல்கள்' என்னும் பட்டியலுக்குத் தலைப்பு உரியதாகுமா என்ற ஐயமும் உடன் எழும். ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. அச்சிடு, திருத்து என்பன போன்ற செயல்களும் புள்ளிக்குப் பின்னேதான் வருகின்றன. அங்கே 'நூலது' என்பது பொருந்தாது. 'நூலே, அச்சிடு' என விளியும் ஏவலுமாகக் கொள்ளல் வேண்டும். பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி விடுப்பன என்று கருதி ஸ்மால்டாக் மொழியை வகுத்த ஆலன் கே இவ்விளக்கத்தைப் பெரிதும் மறுக்கமாட்டார்.

இனிக் கலைச்சொற்கள். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் 'பொருள்நோக்கு நிரலாக்கம்' என்றும், 'இனக்குழு' என்றும், 'மடக்கு' என்றும் வழங்குகின்றன. இவற்றுள் 'பொருள்' இடர் தருவது. சொல்லும் பொருளும் என்று வைத்துப் பேசும்போது பொருள் என்பது கருத்து. வாழ்க்கையில் அது செல்வம். நிரலிலோ அது பண்புகளைத் தாங்கிய ஓர் அமைப்பு. சொன்மைக்கும் பொருண்மைக்கும் வேறுபாடு காட்ட வேண்டிய அதே இடத்தில், பொருள் என்னும் சொல் இருவேறு வேலைக்கு அமர்த்தப்பட்டுக் குழப்பம் விளைக்கிறது. இக்கட்டுரையிலேயே அவ்விரு வழக்கும் அடுத்தடுத்து வந்திருத்தலைப் படிப்பவர் கண்டிருப்பர். பண்பை உடையதற்குப் 'பண்பி' என்னும் சொல் இலக்கணத்தில் முன்னரே உண்டு. அச்சொல் ஏற்கப்பட்டிருந்தால் பண்பும் பண்பியும் இணையாக நின்று, ஒன்றை ஒன்று விளக்கியிருக்கும். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவது எளிதன்று. வகுப்பறையில் ஒருமுறையேனும் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுதல் எளிது.

'மடக்கு' என்பதோ எதிர்பாராமல் வாய்த்த அழகிய சொல். மடித்து மீளல் என்னும் கருத்திலேயே அதனை ஆண்டிருக்கக் கூடும். அணியிலக்கணம் கற்றவர்க்கு மடக்கு என்றவுடன் நினைவுக்கு வருவது வேறு. தண்டியலங்காரம் சொல்லணியுள் வைத்துக் கூறும் மடக்கு, வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வந்து, வருந்தோறும் வேறு பொருள் தருவது. நிரலின் மடக்கும் அதுவே அன்றோ? நூல் என்னும் அதே சொல் மும்முறை வருகிறது. முதன்முறை அது வேதநாயகம் பிள்ளையின் நூல், மறுமுறை ராஜமையருடையது, மூன்றாம் முறை மாதவையாவுடையது. எழுத்து மாறவில்லை, குறிக்கப்படுவது மாறுகிறது. மாறி என்பது யாது என விளக்கப் பெட்டியையும் சீட்டையும் படம்போட்டுக் காட்டும் பக்கங்களை விட, மடக்கணி கற்ற மாணாக்கனுக்கு இவ்வொரு வாக்கியம் விரைந்து பயன்படும்.

கணினிப் பாடத்துக்கு இலக்கணம் எதற்கு, பயிற்சி மிகுந்தால் தானே வந்துவிடும் என்பார் உண்டு. வருவார்க்கு வரும். வீட்டில் கேட்டறிய ஓர் அண்ணனோ மாமனோ உள்ள பிள்ளை, 'அன்டிஃபைன்டு' கண்ட அன்றிரவே விளக்கம் பெற்றுவிடும். அத்தகையோர் இல்லாத பிள்ளைக்கு நூலே அண்ணன், நூலே மாமன். பிழை என்றுகூடச் சொல்லாத பொறியின் முன் அமர்ந்திருக்கும் அப்பிள்ளை, குறை நூலில் உள்ளது என்று எண்ணுவதில்லை. தன் மூளையில் உள்ளது என்றே எண்ணுகிறது. அடுத்த தவணையில் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, வேற்றுமை உருபும் ஒருமை பன்மையும் ஐயமறக் கற்று, இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் கையில் இவ்வேறுபாட்டை உணர்வதற்கான கருவி முன்னரே இருக்கிறது. கருவி இருப்பதை அதற்கு எவரும் சொல்வதில்லை. கணினி ஆசிரியருக்கு இலக்கணம் அயலாக இருக்கலாம். தமிழாசிரியர் கணினிப் பாடத்தை அயலாக எண்ணி ஒதுங்குவது அதனினும் வருந்தத் தக்கது.

நூல்கள் திருந்தும்வரை வகுப்பறையில் செய்யத் தக்கது மிகுதி அன்று. கணினியும் வேண்டா, கரும்பலகை போதும். நூல்.பண்பு, நூல்[பண்பு], நூல்['பண்பு'] என்னும் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுக. மாறியினுள் 'ஆண்டு' என்னும் சொல் இருப்பதாகச் சொல்லுக. ஒவ்வொன்றையும் பிள்ளைகள் முழுத் தமிழ் வாக்கியமாக வாய்விட்டுப் படிக்கட்டும். முதலாவதும் மூன்றாவதும் ஒரே வாக்கியமாக வரும்: பண்பு என்னும் பெயருடையதைத் தருக என்பது. நடுவிலுள்ளது மட்டும் வேறாகும்: பண்பு என்பது இப்போது எதனைக் குறிக்கிறதோ அதன் பெயருடையதைத் தருக என்பது. 1879 எந்த வரியிலிருந்து வரும் என்ற கேள்வியை, பொறியைத் தொடுமுன் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.